'கீழே' என்பது எந்த உறுப்பு?

மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்து என் பெரியம்மாவுக்கு மறுபடியும் ரத்தம் பட்டது. "உடம்பு சூடு, வெந்தயத்தை ஊறவைத்துக் குடி" என்றது வீடு. குடித்தார். நிற்கவில்லை. மருத்துவமனைக்குப் போய், "கீழே ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றார். பக்கத்தில் மகன் நின்றிருந்தான். சிறுநீர் எரிச்சலுக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். அடுத்த வருடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, "ஏம்மா இத்தனை நாள் மறைச்சீங்க?" என்று அதட்டினார்கள்.

அவர் எதையும் மறைக்கவில்லை. நாம் கொடுத்திருந்த ஒரே சொல்லில் சொல்லிப் பார்த்தார். 'கீழே' என்றால் என்ன என்று அவரைத் தனியே உட்காரவைத்துக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

தெருச்சண்டையில் ஆண்கள் கூசாமல் கத்தும் வசவில் அந்த உறுப்பின் பெயர் இருக்கிறது. அதைச் சுமக்கும் நமக்குத்தான் மருத்துவரிடம் சொல்லப் பெயரில்லை. மாதவிடாய்க்குத் 'தீட்டு', 'தூரம்', 'வீட்டுவிலக்கு' என்று எத்தனை பெயர்கள்! எல்லாம் நம்மைத் தள்ளிவைக்கும் பெயர்கள். ஒன்றுகூட நோயைக் கண்டுபிடிக்க உதவாது. பள்ளியிலோ, இனப்பெருக்கப் பாடம் வந்ததும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

"படிக்காத பெண்கள், கூச்சப்படுகிறார்கள்" என்று பழியை நம்மீதே போடாதீர்கள். கூச்சம் பிறவியில் வருவதல்ல. சொல்லைப் பிடுங்கிக்கொண்ட இடத்தில் ஊன்றப்படுவது.

ஆகவே சத்தமாகச் சொல்வோம்: யோனி, கருப்பை, கருப்பை வாய், சினைப்பை. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுவது 'மறுபடி தூரம்' அல்ல. உடலுறவுக்குப் பின் ரத்தம் கசிவதும், நாற்றத்தோடு வெள்ளைப்படுவதும் 'சூடு' அல்ல. உடனே பரிசோதிக்க வேண்டிய அறிகுறிகள் இவை. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2016இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் சோதனை. சில நிமிடங்கள்தான். புற்றுநோயாக மாறும் முன்பே கண்டுபிடித்துக் குணப்படுத்திவிட முடியும்.

ஆனால் பெயர் தெரியாத உறுப்புக்கு யார் போய்ப் பரிசோதனை கேட்பார்கள்?

இன்றிரவே உங்கள் அம்மாவிடம் இந்தச் சொற்களைச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். திரும்பவும் சொல்லுங்கள். என் பெரியம்மாவிடம் நான் சொல்லவில்லை.