தோண்டாதீர் என்போருக்கு

"நடந்தது நடந்துவிட்டது. இனி அதைக் கிளறுவதால் யாருக்கு என்ன லாபம்?" இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த உபதேசமும் உடன் எழுகிறது. சொல்பவர் பெரும்பாலும் தம் வீட்டில் ஒருவரையும் இழக்காதவர். இழந்தவர்களோ, பல பத்தாண்டுகளாகப் படலையைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.

மரணம் வேறு, காணாமற்போதல் வேறு என்பதை இந்த உபதேசிகள் அறியாதவர்களா? ஒருவர் இறந்தால் மய்யித்தைக் குளிப்பாட்டுகிறோம், கஃபனிடுகிறோம், ஜனாஸாத் தொழுகை நடத்திக் கபரில் மண் இடுகிறோம். அந்த மண்ணோடு துயரத்தில் பாதி அடங்குகிறது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள். விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவனின் மனைவி, எந்த நாளிலிருந்து அதை எண்ணத் தொடங்குவாள்? அவள் மனைவியா, விதவையா? இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள், அழைத்துச் சென்றவர்களே.

இது ஒரு சமூகத்தின் கதையன்று. 1987 முதல் 1989 வரை நடந்த கிளர்ச்சியை அடக்கியபோது, தெற்கில் மறைந்தவர்கள் சிங்கள இளைஞர்கள். 1990 ஜூலையில் காத்தான்குடிக்குப் பயணம் செய்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் குருக்கள்மடத்தில் மறித்துக் கொன்றனர். 2009 மே மாதம் வட்டுவாகலில், தமிழ்ப் பெற்றோரும் மனைவியரும் தம் கண்ணெதிரே இராணுவத்திடம் சரணடைந்தவர்களை அதன்பின் காணவில்லை. மூன்று மொழி பேசவில்லை இந்தத் தாய்மாரின் கண்ணீர். ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: எங்கே?

அந்தக் கேள்விக்கு அரசுகள் தந்தவை ஆணைக்குழுக்கள். 1994இல் மூன்று, 1998இல் ஒன்று, 2013இல் மற்றொன்று. 2016இல் பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்றார்கள். 2018இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றின் முன்னும் அதே தாய் அதே புகைப்படத்தை நீட்டினாள். எழுதிக்கொண்டார்கள், அனுப்பிவைத்தார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவள் தெருவோரத்தில் வந்து அமர்ந்தாள். விடை வருமுன்னரே அவர்களுள் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும், உரிய விசாரணைக்குப்பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் கூறினார். இறந்தார்கள் என்பது தெரிந்தால், எங்கே, எப்படி, யார் கையால் என்பதும் தெரிந்திருக்க வேண்டுமே! முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடுவது எந்த ஊர் நியாயம்? சான்றிதழ் ஒரு காகிதம். நட்டஈடு ஒரு தொகை. இரண்டும் உரிமைதான், ஆனால் இரண்டும் விடையாகா.

மண்ணோ மனிதரைவிட நேர்மையானது. யாழ்ப்பாணத்துச் செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக, கொலை வழக்கொன்றில் மரண தண்டனை பெற்ற படைவீரன் ஒருவன் 1998இல் நீதிமன்றத்தில் சொன்னான். 1999இல் 15 உடல்களை எடுத்தார்கள், அத்தோடு நின்றார்கள். 2025இல் அதே பகுதியிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண்ணை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. பின்னர் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. குழந்தைகளின் எலும்புகளும், ஒரு பள்ளிப் பையும் அவற்றோடு வந்தன. அந்தப் பை எந்தக் கிளர்ச்சிக்காரனுடையது?

காலம் கடந்துவிட்டது என்பாருக்கு அர்ஜெண்டினாவைக் காட்டுகிறோம். அங்கே இராணுவ ஆட்சியில், காணாமற்போன பிள்ளைகளைத் தேடி 1977இல் தாய்மாரைத் திரட்டியவர் அசுசேனா வில்லாஃப்ளோர். அவ்வாண்டு டிசம்பரில் அவரையே கடத்திச் சென்றனர். குற்றவாளிகளைக் காக்க 1986லும் 1987லும் சட்டங்கள் வந்தன, தாய்மார் ஓயவில்லை. அச்சட்டங்களை 2003இல் நாடாளுமன்றம் நீக்கியது. பெயரின்றிப் புதைக்கப்பட்டிருந்த அசுசேனாவின் எலும்புகளை 28 ஆண்டுகளுக்குப் பின், 2005இல், தடயவியல் அறிஞர்கள் அடையாளம் கண்டனர். ஆட்சியின் தலைவராயிருந்த விதேலா 2013இல் சிறையில் இறந்தார். காலம் கொலைகாரருக்கு மட்டுமா துணை?

நம்மிடமும் ஒரு குறை உண்டு. அதை மறைக்க மாட்டோம். செம்மணியைப் பேசுவோர் குருக்கள்மடத்தைப் பேசத் தயங்குகிறார்கள். குருக்கள்மடத்துக்காகக் குரல் எழுப்புவோர் வட்டுவாகலில் மௌனமாகிறார்கள். நம் வீட்டு எலும்புக்கு மட்டும் நீதி கேட்டால், அது வழக்கு ஆகுமே தவிர நீதி ஆகாது. இந்தப் பிளவில்தான் புதைத்தவர்கள் எல்லாரும் ஒளிந்துகொள்கிறார்கள்.

ஆகவே, தோண்டாதீர் என்று சொல்லாதீர்கள். எல்லாக் குழிகளையும் தோண்டுங்கள்; பெயர் கண்டு, பெற்றவரிடம் ஒப்படையுங்கள்; புதைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள். மறப்பதா, மன்னிப்பதா என்பதை அதன்பின் அந்தத் தாய் சொல்லட்டும். அவளுக்காக அதைச் சொல்லும் அதிகாரம் வேறு எவருக்கும் இல்லை.