காற்றுக்கு அத்திப்பள்ளியில் செக்போஸ்ட் கிடையாது: ஓசோனை இரண்டு மாநிலங்களும் ஏன் சேர்ந்து அளக்கணும்?

ஓசூரில் வீடு, பொம்மசந்திராவில் வேலை. உங்களில் பலருக்கு இதுதான் தினசரி வாழ்க்கை. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை வந்த பிறகு, இந்தப் பக்கம் வந்து போகிறவர்கள் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. பொம்மசந்திராவிலிருந்து மாநில எல்லை சுமார் 10 கி.மீ.தான். காற்று மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் மெதுவா வீசினாலே ஒரு மணி நேரத்தில் எல்லையைத் தாண்டிடும். அந்தக் காற்றோடு போகும் ஒரு வாயுவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஓசோன் நல்லதா, கெட்டதா?

எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கி.மீ. உயரத்தில் இருக்கும் ஓசோன் படலம் சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. பள்ளியில் நாம் படித்தது இதைத்தான். அதே ஓசோன் நாம் மூச்சு விடும் உயரத்தில் இருந்தால், நுரையீரலை எரிச்சலூட்டும் மாசு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். பயிர்களின் விளைச்சலையும் குறைக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இது எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. வண்டி, ஜெனரேட்டர், கொதிகலன் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெயின்ட், கரைப்பான், பெட்ரோல் இவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து உருவாக்குவது. அதனால்தான் காலை டிராஃபிக் நேரத்தில் குறைவாக இருந்து, வெயில் ஏறிய பிறகு, பிற்பகலில் உச்சம் தொடும்.

அப்போ நெரிசலான சாலையில்தானே அதிகம் இருக்கணும்?

இல்லை. டிராஃபிக் நெரிசலில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். காற்று நகரத்தை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓசோன் தேங்க ஆரம்பிக்கும். அதனால் உலகின் பல நகரங்களில் மையத்தைவிட புறநகர்களிலும், காற்று போய்ச் சேரும் ஊர்களிலும் அளவு அதிகமாகப் பதிவாகிறது. புகை ஓர் ஊரில், பாதிப்பு இன்னோர் ஊரில்.

பெங்களூரு, ஓசூர் கதையில் இது இரண்டு பக்கமும் நடக்கக்கூடியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பொதுவாக மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும்; பெங்களூருவின் காற்று தமிழ்நாட்டுப் பக்கம் தள்ளப்படும். ஆனால் அது மேகமூட்டமான காலம். வானம் தெளிந்த குளிர்கால மாதங்களில் கிழக்குக் காற்று ஓங்கும். அப்போது எதிர்த்திசையில் பயணம். ஆகவே ‘உங்களால்தான் எங்களுக்கு’ என்று எந்த மாநிலமும் ஆண்டு முழுக்கச் சொல்ல முடியாது.

அளக்கிறார்களா?

அளக்கிறார்கள். ஜிகணியில் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் தமிழ்நாடு வாரியத்தின் நிலையம் இருக்கிறது. நாடு முழுவதும் உள்ள இத்தகைய நிலையங்களின் தரவு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒரே தளத்துக்குத்தான் வருகிறது.

2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தர வரம்பு: 8 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம், 1 மணி நேரத்துக்கு 180. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 8 மணி நேர அளவும் 100-தான்.

நீங்கள் மொபைலில் பார்க்கும் ஏ.க்யூ.ஐ. எண்ணில் இது பெரும்பாலும் தெரியாது. பல மாசுகளில் எது மோசமோ, அதன் எண்தான் மொத்த ஏ.க்யூ.ஐ. நம்ம ஊரில் அது பெரும்பாலும் தூசுத் துகள். ஓசோன் உயர்ந்தாலும் அதன் நிழலில் ஒளிந்துகொள்ளும்.

கொள்கையிலும் இதே நிலைதான். 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நகரங்களின் முன்னேற்றம் துகள் மாசை வைத்தே மதிப்பிடப்படுகிறது. அதன் 131 நகரங்களில் பெங்களூரு உண்டு, ஓசூர் இல்லை. காற்று ஒன்றுதான். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் திட்டம், அந்தப் பக்கம் இல்லை.

சேர்ந்து வேலை செய்த முன்னுதாரணம் இருக்கா?

நிறையவே இருக்கு. நம்ம பக்கத்திலிருந்தே தொடங்கலாம். கொடைக்கானலில் 1950களிலிருந்தே வளிமண்டல ஓசோன் அளக்கப்பட்டு வருகிறது. சென்னையில் படித்து, பெங்களூருவில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்த அன்னா மணி, இந்திய வானிலைத் துறையில் பலூனில் பறக்கும் ஓசோன் கருவியை 1960களில் உருவாக்கினார். 1999-இல் இந்தியப் பெருங்கடல் ஆய்வை, நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனுடன் சேர்ந்து வழிநடத்தியவர் சென்னையில் பிறந்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த வீ. ராமநாதன். தெற்காசிய மாசு கடலைக் கடந்து பல நூறு கி.மீ. போகிறது என்று பல நாட்டு விஞ்ஞானிகள் மாலத்தீவில் தளம் அமைத்துக் காட்டினார்கள்.

உயரத்து ஓசோன் விஷயத்தில் ஒத்துழைப்பு வென்றது. 1987-இல் மாண்ட்ரியல் நெறிமுறை வந்தது; 1992-இல் இந்தியா சேர்ந்தது. படலம் மீண்டு வருகிறது. துருவங்களைத் தவிர்த்த பகுதிகளில் 2040 வாக்கில் 1980-இன் அளவை எட்டும் என்று ஐ.நா. ஆதரவு மதிப்பீடு சொல்கிறது. தரை ஓசோனுக்கு அப்படி ஒரு கதை தெற்காசியாவில் இன்னும் எழுதப்படவில்லை. எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி இந்தியா, இலங்கை உட்பட எட்டு நாடுகள் 1998-இல் மாலே பிரகடனம் வெளியிட்டன. அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1990-இன் சட்டத் திருத்தம், வடகிழக்கு மாநிலங்கள் ஓசோனைச் சேர்ந்து கையாள ஒரு ஆணையத்தையே உருவாக்கியது.

இங்கே என்ன செய்யலாம்?

டெல்லிக்கும் அண்டை மாநிலங்களுக்கும் 2021 சட்டப்படி காற்றுத் தர மேலாண்மை ஆணையம் உண்டு. டெல்லி காற்று இன்னும் மோசம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆணையம் வந்தால் மட்டும் காற்று சுத்தமாகாது. ஆனால் தெற்கில் பேச மேஜையே இல்லை.

மேஜை போட முடியாததும் இல்லை. 1981-இன் காற்றுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, மாநில வாரியங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பை மத்திய வாரியத்துக்குத் தருகிறது. அவ்வளவு சண்டைக்குப் பிறகும், 2018-இல் வந்த காவிரி மேலாண்மை ஆணையத்தின் முன் இரு மாநிலங்களும் அணைக் கணக்கை வைக்கின்றன. தண்ணீருக்கு முடிந்தது காற்றுக்கு முடியாதா?

முதல் படி எளிது. ஜிகணி, ஓசூர் ஓசோன் தரவைக் காற்றுத் திசையோடு சேர்த்து இரு வாரியங்களும் ஒரே அறிக்கையாக வெளியிடலாம். இது வெறும் கணக்கு வேலை அல்ல. ஒரு பக்கம் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் குறைத்து, கரைப்பான் ஆவியை விட்டுவிட்டால், சில இடங்களில் ஓசோன் கூடவும் செய்யும். எதை முதலில் குறைக்கணும் என்பது இரண்டு பக்கத் தரவும் இருந்தால்தான் தெரியும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. ஏ.க்யூ.ஐ. எண்ணோடு நிற்காமல் மத்திய வாரியத் தளத்தில் ஓசோன் வரிசையைத் தனியாகப் பாருங்கள். வெயில் நாட்களில் ஓட்டம், சைக்கிளிங் எல்லாம் காலையிலேயே முடியுங்கள். என்-95 மாஸ்க் துகளைத்தான் தடுக்கும். ஓசோன் வாயு, அது உள்ளே வந்துவிடும்.