மருந்துப் புட்டிக்கு முன் நீரைப் பாருங்கள்

மாணவர்களே, தொட்டியில் வளரும் பெரிய கெளுத்தி மீன் தீனி எடுக்காமல் மூலையில் ஒதுங்கிக் கிடந்தால் உங்கள் வீட்டில் முதலில் என்ன செய்வார்கள்? ரந்தாவ், லாபு, பகாவ் என்று எந்தத் தோட்டமாக இருந்தாலும், யாராவது மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய் மஞ்சள் மருந்தோ நீல மருந்தோ வாங்கி வருவார். இது தலைகீழ் வைத்தியம் என்பேன். முதலில் பார்க்க வேண்டியது நீரை.

உங்கள் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள் என்றால் அமோனியாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ரப்பர் பால் உறையாமலிருக்கக் கலப்பது அதைத்தான். மூக்கைத் துளைக்கும் நெடி. அதே அமோனியாவை மீன் இரவும் பகலும் தன் செவுள் வழியே வெளியேற்றுகிறது. மீன் பெரிதாக ஆக, அளவும் கூடும். வடிகட்டிப் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தப் பஞ்சைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவினால் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியைச் சுத்தம் செய்த சில நாளிலேயே மீன் சோர்ந்துபோகும் மர்மம் இதுதான். பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசுங்கள்.

நைட்ரைட் இன்னும் தந்திரமானது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பு நிறமாகிவிடும். காற்றுக்குழாய் ஓடினாலும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். லிட்டருக்கு 1 கிராம் சாதாரண உப்பு இங்கே உதவும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது.

அப்படியானால் நீரை உடனே மாற்றிவிடலாமா? நிதானம் வேண்டும். பல மாதம் மாற்றாத நீர் அமிலமாகியிருக்கும். அதில் அமோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அமோனியம் அயனியாக அடங்கிக் கிடக்கும். ஒரேயடியாகப் புதுநீர் ஊற்றினால் பிஎச் சட்டென ஏறும். 7இலிருந்து 8க்கு ஏறினாலே நச்சுப் பகுதி ஏறக்குறைய 10 மடங்காகும். ஆகவே நாளுக்குக் கால்பங்கு மாற்றுங்கள், குளோரின் நீக்கிய நீரால். இரண்டு மூன்று நாள் தீனி போட வேண்டாம். பெரிய கெளுத்தி பட்டினியைத் தாங்கும். காற்றுக்குழாயைக் கூடுதலாக ஓடவிடுங்கள், ஏனெனில் 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும்.

“மருந்து போட்டேன், பிழைத்துக்கொண்டதே!” என்பார்கள். மருந்து போட்ட அன்றே நீரையும் மாற்றியிருப்பார்கள். அறிவியல் பாடத்தில் படித்த மாறிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுக்கலாமா? வெள்ளைப் புள்ளி நோய் போன்ற ஒட்டுண்ணிக்கு மருந்து தேவைதான். ஆனால் பெரும்பாலான கெளுத்திகளுக்குச் செதிள் கிடையாது. செம்பு கலந்த மருந்துகள் அவற்றை எளிதில் தாக்கும். நுண்ணுயிர்க்கொல்லியோ வடிகட்டியிலுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கக்கூடும். அமோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் சொட்டுச் சோதனைப் பெட்டியால் அளந்த பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்று. கடையில் விரல் நீளத்தில் ‘சுறா’ என்று விற்கிறார்களே, அது சுறாவே அல்ல. நாம் சந்தையில் வாங்கும் பாத்தின்! (தெம்போயாக் குழம்பில் பார்த்த மீனைத் தொட்டியில் யாரும் அடையாளம் காண்பதில்லை.) முழுதாக வளர்ந்தால் 1 மீட்டரைத் தாண்டும். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அது எப்படித் திரும்பும்? வளர்க்க முடியவில்லை என்று லிங்கி ஆற்றில் விட்டுவிடவும் கூடாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பண்டாராயா மீன் லங்காட் ஆற்றில் பெருகியது அப்படித்தான். ஜெலுபு மாவட்டத்தின் கிளாமி லெமியில் மீன்வளத் துறையின் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் அறிவியல் கழகத்தின் வழியாக அங்கே எழுதிக் கேட்கலாம். கடைக்காரர்களும் விலைச் சீட்டில் அந்த மீன் எவ்வளவு நீளம் வளரும் என்று ஒரு வரி எழுதி ஒட்டட்டும்.