துப்பாக்கி எழுதும் முடிவுரை

2024 அக்டோபர் திங்களில் ஒரு மாலை. செங்கற்பட்டிலே நான் பேச வேண்டிய பொதுக்கூட்டத்தை மழை நிறுத்திவிட்டது. நனைந்த சட்டையோடு நானும் நம் தோழர்கள் நால்வரும் ஒதுங்கிய இடம் ஒரு படக்கொட்டகை. ஓடிக்கொண்டிருந்த படம் ‘வேட்டையன்’.

படத்தின் முற்பகுதியிலே ஓர் இளைஞன் சுட்டுக் கொல்லப்படுகிறான். பள்ளி ஆசிரியை ஒருவரைக் கொடுமைப்படுத்திக் கொன்றவன் இவனே என்று நாடு நம்புகிறது. தொலைக்காட்சி நம்புகிறது. காவல்துறை மேலிடம் நம்புகிறது. அதிகாரியாக வரும் நாயகனும் நம்புகிறார், சுடுகிறார். கொட்டகை அதிர்ந்தது! சீழ்க்கை ஒருபுறம், ஆரவாரம் மறுபுறம்! நம் தோழர் ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார். யார் என்று கேட்காதீர்கள். அவர் நல்லவர், தேர்தல் பணியில் இரவெல்லாம் கண் விழித்தவர்.

சிறிது நேரம் சென்றது. சுடப்பட்டவன் குற்றமற்றவன் என்று திரை அறிவித்தது. கொட்டகையிலே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி! தட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நம் தோழர் மடியில் மடக்கி வைத்துக்கொண்டார். அந்த அமைதிதான் அந்தப் படம் பெற்ற பெரும் வெற்றி என்பேன்.

நடிப்பில் குறை சொல்ல வழியில்லை. தன் கை ஒரு குற்றமற்றவனைக் கொன்றது என்று அறியும் கணத்திலே ரசினிகாந்தின் முகம் சுருங்குகிறதே, அதிலே பல பக்க வசனம் இருக்கிறது. நீதியரசராக வரும் அமிதாப் பச்சன் குரலை உயர்த்தாமலே குற்றம் சாட்டுகிறார். பகத் பாசில் சிரிக்க வைத்துக்கொண்டே மனத்தில் இடம் பிடிக்கிறார். ஆசிரியையாக வரும் துசாரா விசயன் சிறிது நேரமே தோன்றினாலும், படம் முழுதும் அவர் இல்லாத குறை தெரிகிறது. ‘செய் பீம்’ எடுத்த ஞானவேலின் படம் என்பதற்கு முற்பாதி சான்று.

ஆனால் முடிவு? அங்கேதான் தேர் தெருவில் நின்றுவிட்டது! கல்வியைக் கடைச்சரக்காக்கிய பெருமுதலாளி ஒருவனைத் துரத்தும் வேட்டையாகப் பிற்பாதி மாறுகிறது. அவன் கொடியவன்தான், பிடிபட வேண்டியவன்தான். ஆனால் நாம் கேட்ட கேள்வி அதுவா? குற்றமற்றவனைச் சுட்ட கை என்ன விடை சொல்லப்போகிறது என்பதன்றோ நம் கேள்வி! அந்தக் கேள்வி பின்வரிசைக்குத் தள்ளப்பட்டு, நாயகன் வெற்றி முன்வரிசைக்கு வந்துவிட்டது. மடக்கிய கைகள் மீண்டும் விரிந்தன. கொட்டகை மீண்டும் தட்டிற்று. இடைவேளைக்கு முன் கற்ற பாடம் வெளிவாயிலில் மறந்துபோயிற்று.

ஏன் இப்படி? எழுதியவர்க்குத் திறமை இல்லையா? உண்டு. காவலர் கதைக்கென்று நம் திரையுலகம் நெடுங்காலமாக வைத்திருக்கும் முடிவு ஒன்று இருக்கிறது. அதன் இழுப்பு ஆற்றுச் சுழலைப் போன்றது.

1974 இல் ‘தங்கப்பதக்கம்’ வந்தது. மகேந்திரன் எழுதி மேடையில் நடந்த நாடகம் அது. பிறகே திரைக்கு வந்தது. காவல் அதிகாரி சவுத்ரியாக நடிகர் திலகம் நின்றார். தவறு செய்த சொந்த மகனையே சுட்டார். அங்கே சுட்டவர் தந்தை. குண்டு பாய்ந்தது அவர் நெஞ்சிலும்தான். ஆகவே நாம் அழுதோம். 2003 இல் ‘சாமி’ வந்தது. கொடியவனை நாயகன் கொல்கிறான். அவன் தலைமறைவானான் என்று ஊரை நம்பவைக்கிறான். ஒரு காவல் அதிகாரி கொலையை மறைக்கிறார். அதற்கு நாம் சிரித்தோம், தட்டினோம்! அதே ஆண்டில் ‘காக்க காக்க’. சூர்யாவும் சீவனும் போட்டியிட்டு நடித்த படம். மனித உரிமை என்ற சொல்லே காவலரின் கையைக் கட்டும் கயிறு என்ற எண்ணத்தோடு கொட்டகையை விட்டு வந்த இளைஞர் எத்தனை பேர்! அழுகை சிரிப்பாயிற்று, சிரிப்பு கொள்கையாயிற்று.

இந்தச் சுழலை எதிர்த்து நீந்திய படமும் உண்டு. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், தான் பட்டதை ‘லாக்கப்’ என்று எழுதினார். அதைக் கொண்டு வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ 2016 இல் இங்கே வெளிவந்தது. சமுத்திரக்கனிக்குச் சிறந்த துணை நடிகர் என்ற தேசிய விருதைத் தந்த படம். அதன் முடிவிலும் துப்பாக்கி வெடிக்கிறது. ஆனால் தட்ட ஒரு கை எழவில்லை. ஏன்? சாகிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியும்; ஏன் சாகிறார்கள் என்றும் தெரியும். மறுநாள் ஏட்டில் வரப்போகும் செய்தி எப்படி இருக்கும் என்பதும் தெரியும்!

தோழர்களே! இது திரைப்பட விமரிசனத்தோடு முடியும் செய்தியன்று. நான் படம் பார்த்த ஊர் செங்கற்பட்டு. அந்த ஊருக்கும் அந்தக் காட்சிக்கும் உறவு உண்டு.

2022 சனவரியில் செங்கற்பட்டு நகரிலே ஒரே மாலையில் இருவர் கொல்லப்பட்டனர். நாட்டு வெடிகுண்டும் அரிவாளும் தெருவில் நடமாடின. மறுநாளே, அந்தக் கொலைகளில் தேடப்பட்ட இருவர் காவலரின் துப்பாக்கிக்கு இரையாயினர். 2023 ஆகசுடு முதல் நாள், இதே மாவட்டத்துக் கூடுவாஞ்சேரி அருகே விடியற்காலையில் வாகனச் சோதனை. மேலும் இருவர் சாவு. 2024 செப்டம்பரில், மாமல்லபுரம் நோக்கி வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வடபகுதியில், நீலாங்கரைப் பக்கம், ஆந்திரத்தில் பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒருவர் சாவு. அவர்கள் எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது காவல்துறையின் கூற்று. அது மெய்யாக இருக்கலாம். பொய் என்று சொல்ல நான் யார்? ஆனால் மெய் என்று சொல்ல நீங்கள் யார்? விசாரணை தொடங்குமுன்னே இனிப்பு வழங்கியவர் யார் கொடுத்த தீர்ப்பை ஏந்தி வந்தனர்?

“கொல்லப்பட்டவன் தாய்க்கு என்ன விடை சொல்வாய்? வழக்கு பத்தாண்டு ஓடும். சாட்சி பல்டி அடிப்பான். கொலைகாரன் பிணையில் வந்து மாலை போட்டுக்கொள்வான். அப்போது உன் சட்டம் எங்கே?” என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்! அரிவாளால் வெட்டுண்டவனின் வீட்டு அழுகையை அலட்சியம் செய்கிறவன் மனித உரிமை பேசத் தகுதியற்றவன். ஆனால் நோய் எது? வழக்கு தாமதம். அதற்கு மருந்து நீதிமன்றங்களைப் பெருக்குவது, தடயம் காண்பதை வளர்ப்பது, சாட்சியைக் காப்பது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றமே 2018 இல் ஏற்று, நாடெங்கும் நடைமுறைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. அந்த மருந்தை ஊட்டச் சொல்லிக் குரல் கொடுக்காமல், நோயாளியின் தலையைச் சீவிவிட்டு, இனித் தலைவலி வராது என்று சொல்லும் மருத்துவனுக்கா நாம் மாலை போடுவது?

ஐதராபாத்தை மறந்துவிட்டோமா? 2019 டிசம்பர் 6. பெண் மருத்துவர் ஒருவரைச் சிதைத்துக் கொன்றதாகப் பிடிக்கப்பட்ட நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். காவலர் மீது மக்கள் மலர் தூவினர். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 இல் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்றது அறிக்கை. மாண்ட நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றும் சொல்லிற்று. தூவிய மலர் வாடுவதற்கு ஒருநாள் போதும். உண்மை வருவதற்கு இரண்டாண்டுக்கு மேல் ஆயிற்று. அப்போது மலர் தூவிய கைகள் எங்கே போயின? மடியில் மடங்கிக் கிடந்தனவோ!

படம் பார்த்த மறுநாள் மாமல்லபுரத்திலே ஒரு தோழர் வீட்டுத் திருமணம். அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் கொக்கிலமேடு. அந்த மீனவர் ஊரைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய வெட்கம் நினைவுக்கு வந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டு, பேனாவையும் மேடையையும் நம்பித் திரிந்த நாள்களிலே நான் ஒரு காவலர் நாடகம் எழுதினேன். மூன்றாம் அங்கத்தின் முடிவில் கொடியவனை அதிகாரி சுடுவார், திரை விழும். எல்லா ஊரிலும் கைதட்டல். கொக்கிலமேட்டிலும் கைதட்டல். நாடகம் முடிந்து வேடம் கலைக்கும்போது, மீன் கூடை தூக்கும் கிழவி ஒருத்தி வந்து நின்றாள்.

“ஏம்பா, அந்தப் புள்ளயச் சுட்டுப்புட்டாங்களே, அவங்கம்மா எங்க? அழுவறதுக்கு ஓர் ஆள்கூட இல்லாத புள்ளயா அவன்?”

“அவன் கெட்டவன், ஆயா” என்றேன்.

“கெட்டவன்னு யாருப்பா சொன்னது? நீதானே எழுதிக்கினே!”

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லாத நாடக இலக்கணத்தை அவள் சொல்லிவிட்டாள்.

ஆம், தோழர்களே! நாடகத்திலே கொடியவன் கொடியவன்தான். ஏனெனில் எழுதியவன் சான்றிதழ் தந்திருக்கிறான். முதற்காட்சியிலேயே அவன் கொலை செய்வதை நம் கண்ணாலே பார்த்திருக்கிறோம். ஆகவே குண்டு பாயும்போது நம் மனச்சான்று உறுத்துவதில்லை. தெருவிலே அப்படிச் சான்றிதழ் தர எழுத்தாளன் இல்லை. அங்கே யார் செய்தது என்று கண்டுபிடிக்கத்தான் புலன்விசாரணை, சாட்சி, குறுக்குக் கேள்வி, நீதிமன்றம் எல்லாம். திரையரங்கில் பழகிய கைதட்டலைத் தெருவுக்கு எடுத்து வருகிறோமே, அதுதான் ஆபத்து! ‘வேட்டையன்’ இடைவேளையிலே அந்தச் சான்றிதழைக் கிழித்துப் போட்டது. நெஞ்சம் நடுங்கிற்று. பிற்பாதியிலே ஐயத்துக்கு இடமில்லாத கொடியவன் ஒருவனைக் காட்டிப் புதுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டது. நெஞ்சம் பழையபடி தூங்கிற்று. முடிவு வலுவிழந்ததன் காரணம் இதுவே.

அன்று மாலை அருச்சுனன் தபசுப் பாறை முன் நின்றேன். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் பூனையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதன் காலடியிலே எலிகள். பூனையின் தவத்தை நம்பிக் கும்பிடும் எலிகளைக் கல்லிலே செதுக்கிய சிற்பி, அடுத்து என்ன நடந்தது என்று செதுக்கவில்லை. பார்ப்பவன் சிந்திக்கட்டும் என்று விட்டுவிட்டான். சற்றுத் தள்ளி ஐந்து இரதங்கள். அவையும் முற்றுப்பெறாதவையே. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் குறையோடு நிற்கின்றன, யாரும் பழிக்கவில்லை. குறையாக நிறுத்திய வேலையை உலகம் மன்னிக்கும். பொய்யாக முடித்த வேலையை மன்னிக்காது.

நம் மேடைகளை நாம் திருத்திக்கொள்வோம். கொலைச் செய்தி வந்த நாளிலே, “சுட்டுத் தள்ளுங்கள்” என்று முழங்குவது எளிது. ஒலிபெருக்கி அதிரும், கை தட்டுவார்கள். நானும் முழங்கியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். இனி வேறு கேள்விகளைக் கேட்போம். மோதல் சாவு ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். தொடர்பில்லாத வேறு காவலர் குழு புலன்விசாரிக்க வேண்டும். நடுவர் விசாரணை நடக்க வேண்டும். உடனடிப் பதவி உயர்வும் வீர விருதும் கூடாது என்று 2014 இலேயே உச்ச நீதிமன்றம் நெறி வகுத்துவிட்டது. நம் ஊரில் அது நடந்ததா? ஆட்சியில் எவர் இருப்பினும் கேட்போம். நமக்கு வேண்டியவர் இருக்கும்போது இன்னும் உரக்கக் கேட்போம். 2020 இல் சாத்தான்குளத்திலே தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு மாண்டபோது, அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் கண்டதைச் சொல்லத் துணிந்தார். காக்கிச் சட்டையின் பெருமையை அன்று காத்தது எந்தத் துப்பாக்கியும் அன்று. அந்த ஒருவரின் வாய்மொழி!

கதை எழுதும் தோழர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை மூன்றாம் அங்கத்தில் துப்பாக்கியை நீட்டுமுன், சுடப்படுகிறவனின் தாயை ஒருமுறை மேடைக்கு அழையுங்கள். அவளை எதிரே நிறுத்திய பிறகும் உங்கள் நாயகனால் சுட முடிந்தால், சுடட்டும். என் பழைய நாடகத்துக்கு அந்தக் காட்சியை எழுத உட்கார்ந்தேன். அந்தத் தாய் மேடைக்கு வந்துவிட்டாள். அதிகாரியின் துப்பாக்கி தாழ்ந்துவிட்டது. நாடகம் இன்னும் முடியவில்லை. முடிவு கிடைத்ததும் முதலில் கொக்கிலமேட்டிலே போடுவேன். கிழவி இருந்தால் வருவாள். அவள் கைதட்டினால் போதும் எனக்கு.