தாகத்துக்குத் தண்ணீரே போதும்

கோடை வந்தால் மும்பை புறநகர் ரயில் நிலையக் கடைகளில் ‘சர்க்கரை இல்லை’ என்று பொறித்த கோலா பாட்டில்களுக்குத் தனி மவுசு. தண்ணீருக்குப் பதில் இதையே குடித்தாலும் கெடுதல் இல்லை என்ற எண்ணம் தாராவி, மாதுங்கா, செம்பூர் என நம்மவர் வாழும் பகுதிகளிலும் பரவி வருகிறது. இது வருந்தத்தக்கது.

சாதாரண கோலா 300 மில்லியில் 30 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை உண்டு. அதைவிடச் செயற்கை இனிப்பு மேல் எனலாம். தண்ணீருக்கு அது ஈடாகாது. உடல் எடையைக் கட்டுப்படுத்த இவ்வினிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. அஸ்பார்டேமைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அதே ஆண்டு ஜூலையில் சேர்த்தது. ஆயினும் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பு மாறவில்லை. ஆகவே பீதி வேண்டாம்; பழக்கமும் வேண்டாம். சர்க்கரை நீங்கினாலும் கோலாவின் அமிலம் நீங்குவதில்லை. அது பல்லின் எனாமலை அரிக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் காற்றடைத்த இனிப்புப் பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், பாட்டில் தண்ணீருக்கு 5 சதவீதம். ‘ரயில் நீர்’ லிட்டர் 15 ரூபாயிலிருந்து 14 ஆனது. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு ரூபாய்ச் சலுகையால் கூலித் தொழிலாளியின் தாகம் தீர்ந்துவிடாது. பிளாட்பாரக் குழாயில் நல்ல தண்ணீர் தடையின்றி வந்தால் பாட்டிலைத் தேடுவோர் தாமே குறைவர்.

குழாயைப் பழுதின்றி வைத்திருப்பது ரயில்வேயின் கடமை. பிள்ளைகளின் பையில் காய்ச்சி ஆறிய நீரை வைத்தனுப்புவது பெற்றோரின் பொறுப்பு. இரண்டும் நடந்தாக வேண்டும்.