ஆடும் ஊசியும் நாற்பத்தைந்தாயிரம் ரூபாயும்

எங்கள் மாமாவிடம் ஒரு அம்பாசிடர் இருக்கிறது. டீசல் வண்டி, 1991ல் வாங்கியது. அந்த வண்டியைச் செய்த உத்தர்பாரா தொழிற்சாலை 2014 மே மாதத்தோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. "இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மாமா பதிலே சொல்ல மாட்டார், சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த வண்டி இல்லையென்றால் ஆயாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாது. ஆயாவுக்கு முட்டி மடங்காது, சின்னக் காரில் ஏறவும் இறங்கவும் முடியாது. அம்பாசிடரின் பின் சீட்டில் மட்டும்தான் காலை நீட்டி உட்காருவார்.

போன மாதம் அப்படித்தான் வேலூர் போய்க்கொண்டிருந்தோம். போளூர் தாண்டியதும் ஆயில் பிரஷர் மீட்டரின் ஊசி ஆடத் தொடங்கியது. ஐம்பதில் நின்றது திடீரென்று பூஜ்யம், மறுபடி ஐம்பது, மறுபடி பூஜ்யம். சாமியாடிகூட நடுவில் மூச்சு வாங்குவார், இந்த ஊசி வாங்கவில்லை! மாமா முகம் வெளுத்து ஓரங்கட்டினார். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தார், ஆயில் அளவு சரி. இன்ஜினில் சத்தம் இல்லை. எதிலும் கசிவு இல்லை. பயந்து பயந்து நாற்பதில் ஓட்டி எப்படியோ போய்ச் சேர்ந்தோம்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு பட்டறைக்குப் போனோம். (பெயர் வேண்டாம்.) ஊசியைப் பார்த்தார், ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை மிதித்தார். "பேரிங் போச்சு சார். இன்ஜின் இறக்கணும். ஒரு நாப்பத்தஞ்சு ஆகும்" என்றார். அடுத்த பட்டறையில் நேர் எதிர். "பழைய வண்டி மீட்டர் அப்படித்தான் ஆடும். ஒயரைப் புடுங்கிட்டு நிம்மதியா ஓட்டுங்க" என்றார்.

இந்தக் கட்டுரையே இந்த இரண்டு பேருக்காகத்தான். ஒருவர் ஊசி சொன்னதை அப்படியே நம்பினார், மற்றவர் அது எது சொன்னாலும் நம்பத் தயாராக இல்லை. இரண்டு பேரும் செய்யாதது ஒன்றே ஒன்று... அளந்து பார்க்கவில்லை!

முதலில் அந்த மீட்டர் எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். ஆயில் பம்பு ஆயிலைத் தள்ளுகிறது. கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளி வழியாக அது பிதுங்கி வெளியேற வேண்டும். அந்த நெருக்கடிதான் பிரஷர். பேரிங் தேய்ந்தால் இடைவெளி கூடும், பிரஷர் குறையும். ஆயில் சூடாகி நீர்த்துப் போனாலும் குறையும். அளவுக்கு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பழைய இன்ஜின்களுக்கு ஆயிரம் ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. இருந்தால் போதும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு.

நம் ஊரில் இதைப் பௌர்ணமி அன்று கண்ணாலேயே பார்க்கலாம். கிரிவலக் கூட்டத்தில் சிக்கி முதல் கியரில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் ஆயில் கொதித்து ஊசி பதினைந்துக்கு இறங்கிவிடும். கூட்டத்தை விட்டு வெளியே வந்து செங்கம் ரோட்டில் ஓடவிட்டால் தானாக ஏறிவிடும். அது கோளாறே இல்லை. அதைப் பார்த்துப் பயந்து கெட்டி ஆயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கெட்டி ஆயிலுக்கு ஊசி உயரும், உண்மைதான். ஆனால் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அந்த ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும், தேய்மானம் கூடும்.

சரி, எங்கள் ஊசி ஏன் ஆடியது? ஊசி எப்படி ஆடுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மெதுவாக, இன்ஜின் சூடு ஏற ஏற இறங்கினால் அது ஆயில் சொல்லும் சேதி. வளைவிலும் மேட்டிலும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் விழுந்தால், சம்ப்பில் ஆயில் குறைந்து பம்பு காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். நேரான ரோட்டில், ஒரே வேகத்தில், கண் சிமிட்டுவதற்குள் ஐம்பதுக்கும் பூஜ்யத்துக்கும் திரும்பத் திரும்பத் தாவினால் ஆயிலை விட ஒயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் கூடவே சேர்ந்து ஆடினால் சந்தேகமே வேண்டாம், டேஷ்போர்டுக்குப் பின்னால் கரண்ட் வரும் வழியில்தான் கோளாறு.

மின்சார மீட்டரில் இன்ஜின் பிளாக்கில் ஒரு சென்டர் யூனிட் திருகியிருக்கும். ஆயில் அதற்குள் ஒரு தகட்டை அழுத்தும், அதற்கேற்ப மின்தடை மாறும். பெரும்பாலும் அதற்கு ஒரே ஒயர்தான். திரும்பி வர வேண்டிய எர்த், யூனிட்டின் மரை வழியாக இன்ஜின் பிளாக்குக்குப் போகிறது. அந்த எர்த் விட்டுவிட்டால் சில மீட்டர்களில் ஊசி பூஜ்யத்தில் விழும், சிலவற்றில் மேலே போய் முட்டிக்கொள்ளும். எங்களுடையது விழுகிற ஜாதி.

மூன்றாவதாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. சென்டர் யூனிட்டைக் கழற்றினார், அந்த ஓட்டையில் குழாய் வைத்த சாதாரண பிரஷர் கேஜ் ஒன்றைத் திருகினார். வண்டியை நன்றாகச் சூடேற்றினார். ஐடிலில் பதினெட்டு, மிதித்தால் நாற்பத்தெட்டு. ஊசி மெழுகுவர்த்திச் சுடர் மாதிரி அசையாமல் நின்றது. "இன்ஜின் நல்லாக்கீது. உம்ம மீட்டருதான் பொய் சொல்லுது" என்றார்.

கழற்றிய யூனிட்டை என்னிடம் காட்டினார். மரை முழுக்க வெள்ளை டெஃப்லான் டேப், குழாய்க்காரர் பைப்புக்குச் சுற்றுவாரே அதே டேப்! முன்பு எப்போதோ ஆயில் கசிந்ததற்கு யாரோ பாசமாகச் சுற்றியிருக்கிறார்கள். டேப் கசிவை நிறுத்தியது, கூடவே எர்த்தையும் நிறுத்திவிட்டது. ரோடு அதிரும்போது எங்கோ ஒரு மரை உரசினால் ஊசி எழும், விலகினால் விழும். டேப்பைச் சுரண்டி, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, செம்பு வாஷர் போட்டு மாட்டினார். கூலி நூறு ரூபாய். நாற்பத்தைந்தாயிரத்தையும் நூறையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்...

எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அவர் திருகிய கேஜ் போர்டன் டியூப் கேஜ். 1849ல் பிரான்ஸில் யூஜின் போர்டன் காப்புரிமை வாங்கியது. வளைத்த தட்டைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், ஊசி நகரும். ஒயரும் இல்லை, எர்த்தும் இல்லை. எங்கள் கல்லூரி லேபில் டெட் வெயிட் டெஸ்டரில் எடை வைத்து அதே கேஜை நான் சரிபார்த்திருக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கினேன். போளூர் ரோட்டில் நிற்கும்போது அது நினைவுக்கே வரவில்லை!

"ஒயரைப் புடுங்கிடு" கட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் பழைய ஜீப் வைத்திருந்தார். மீட்டர் எப்போதும் ஏதாவது உளறுகிறது என்று ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டார். ஜவ்வாது மலை ஏறும்போது ஆயில் குறைந்திருந்தது, சொல்ல ஆள் இல்லை. ஜமுனாமரத்தூர் போய்ச் சேருமுன் இன்ஜின் இறுகி நின்றது. கிராங்க்கே போய்விட்டது.

இந்தக் கட்சியில் பெரிய கம்பெனிகளும் உண்டு. ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள் என்று, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி சில வண்டிகளில் சென்டர் யூனிட்டுக்குப் பதில் வெறும் சுவிட்ச் வைத்தது. ஆறேழு பி.எஸ்.ஐ. இருந்தால் போதும், ஊசி நடுவில் போய் நின்றுகொள்ளும். 1995 மாடலிலிருந்து மாஸ்டா மியாட்டாவிலும் இதே கதை. ஊசி ஆடாது, எதுவும் சொல்லாது. இதற்கு வெறும் சிவப்பு விளக்கே மேல், அது மீட்டர் வேஷம் போடுவதில்லை.

"நல்ல மெக்கானிக்குக் காதே போதும், கேஜ் எதுக்கு?" என்று மாமாவே கேட்டார். காது பெரிய விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பேரிங் தட்டுகிற சத்தம் காதுக்கு எட்டும்போது பேரிங் ஏற்கெனவே கெட்டிருக்கும். அதற்கு முந்தைய கட்டத்தைக் காட்டத்தான் பிரஷர் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு கேஜ் இல்லாமல் இன்ஜின் இறக்கச் சொல்லும் பட்டறையில் நான் இனி வண்டியை விடமாட்டேன். "எவ்வளவு காட்டுது, அளந்தீங்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ஜுரம் என்று போனால் டாக்டர் தெர்மாமீட்டர் வைக்கிறாரா என்று பார்க்கிறோம் இல்லையா?

ஒன்றை மட்டும் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். ஓடும்போது ஊசி பூஜ்யத்தில் விழுந்தால், "மீட்டர்தான் பொய்" என்று என்னை நம்பி ஓட்ட வேண்டாம். ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். நாங்கள் அன்று வேலூர் வரை ஓட்டியது தப்புதான், பேரிங் நிஜமாகவே போயிருந்தால் ஆயா நடு ரோட்டில் உட்கார்ந்திருப்பார்.

ஆயாவுக்கு அடுத்த செக்கப் வருகிற வியாழக்கிழமை. மாமா டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு போர்டன் கேஜையும் சேர்த்துப் பொருத்தச் சொல்லியிருக்கிறார். செம்புக் குழாய் எக்ஸாஸ்ட்டில் உரசாமல் எந்த வழியாகக் கொண்டுவருவது என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு.