நிறுவலாம் அல்ல, நிறுவ வேண்டும்!



ஆவடி என்றதும் அரசியல் அறிந்தோர்க்கு 1955 நினைவுக்கு வரும். அவ்வாண்டு சனவரியில் அங்கே கூடிய காங்கிரசு மாநாடு, சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் தீட்டிற்று. பின்னர் அதே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஊர் ஊராக உழைக்கும் கரங்கள் வந்து சேர்ந்தன. இரும்பை அறுத்தன, எந்திரத்தை இயக்கின, நாட்டின் செல்வத்தைப் பெருக்கின.

அந்தக் கரங்கள் இன்று நடுங்குகின்றன! தாங்கிப் பிடிப்பார் யார்?

"பெற்ற பிள்ளை இருக்கிறானே!" என்பர். இருக்கிறான், விடியுமுன் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்துக்குக் காத்து நிற்கிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. விடாவிட்டால் படுக்கையில் கிடக்கும் தாய்க்குத் தண்ணீர் தர ஆளில்லை. ஆயா வைக்கலாமென்றால், வரும் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது. இது பாசம் வற்றிய கதை அல்ல, தோழரே. பணம் வற்றிய கதை!

கணக்கைப் பாருங்கள். 1962இல் இம்மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 20 ரூபாயில் தொடங்கிற்று. 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாயிற்று. அதில் 80 வயது எட்டாதவர்க்கு டில்லி வகுத்த பங்கு 200 ரூபாய்! பட்டறையில் பாடுபட்டு ஓய்ந்தவருக்கு, வருங்கால வைப்பு நிதியின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014இல் விதித்தனர்.

இதே டில்லி 2018இல் இன்னொரு ஏட்டில் என்ன எழுதிற்று? அறநிலையங்கள் நடத்தும் முதியோர் இல்லம், ஒருவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினாலும் சரக்கு சேவை வரி இல்லை என்று எழுதிற்று. ஆக, ஒரு முதியவரைப் பேண என்ன செலவாகும் என்பது ஆள்வோர்க்குத் தெரியாததல்ல. வரி ஏட்டில் 25,000 வரை தெரிகிறது. உதவி ஏட்டில் 200தான் தெரிகிறது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், கைவிட்ட பிள்ளையைத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்துகிறது. மாதம் 10,000 ரூபாய் வரை கொடு என்கிறது. கொடுக்க மனமில்லாதவனுக்கு அது சவுக்கு. கொடுக்கவே இல்லாதவன் வீட்டில் அது என்ன செய்யும்?

அதற்கும் அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு வழி சொல்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்று தொடங்கி, வறிய முதியோர் 150 பேராவது தங்கும் இல்லங்களை மாநில அரசு நிறுவலாம் என்கிறது. நிறுவலாம்! பிள்ளைக்கு 'வேண்டும்' என்ற சட்டம், அரசுக்கு 'லாம்' என்று குழைகிறது! முதுமை வரலாம் என்றா வருகிறது? வந்தே தீருகிறது. 2021 மதிப்பீட்டின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பதின்மூவருக்கு மேல் அறுபதைக் கடந்தோர்.

எனவே தோழர்களே, ஞாயிறு மாலையில் கிளை கூடும்போது, கொடிக்கம்பத்தோடு கூட்டம் முடிய வேண்டாம். தெருவில் தனித்துக் கிடக்கும் முதியோரைக் கணக்கெடுங்கள். கைவிடப்பட்டவர்க்குக் கோட்டாட்சியரிடம் மனு எழுதிக் கொடுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை வீட்டுக்கு வீடு சொல்லுங்கள். தொழிலாளர் காப்பீட்டில் 5 ஆண்டுக்குக் குறையாமல் இருந்து வயது முதிர்ந்து ஓய்ந்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் துணைக்கும் மருத்துவம் தொடரும் என்பதை எடுத்துரையுங்கள்.

இவை இன்றைய உதவி. நாளைய உரிமை வேறு. கோட்டையில் எவர் அமர்ந்தாலும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: 'லாம்' என்பதை அடித்து, 'வேண்டும்' என்று எழுதுங்கள்!